ஜெபத்துக்கு முன் எடுத்த எக்ஸ்ரே

டிசம்பர் முதல் வாரம். கிறிஸ்துமஸுக்குச் செய்த முதல் ஈடு முந்திரிக்கொத்தில் (பாசிப்பயறும் வெல்லப்பாகும் சேர்த்து உருட்டிப் பொரிக்கும் பலகாரம்) ஒன்றை எடுத்துக் கடித்தேன். டக் என்று ஒரு சத்தம். பாகு முற்றிப்போய்விட்டது என்று என் கைப்பக்குவத்தைத்தான் முதலில் திட்டினேன். உள்ளங்கையில் துப்பிப் பார்த்தால் பாசிப்பயறோடு பாதிப் பல் கிடந்தது. மேல்வரிசையில், முன்பல்லுக்கு இடப்பக்கம் இருந்த பல். வலிகூட இல்லை.

நான் சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தையல் ஆசிரியை. வயது ஐம்பத்து மூன்று. பல் பாலம் வைத்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பயமுறுத்துவதற்காக அல்ல. எனக்கு நடந்ததில் பல்லின் குற்றம் குறைவு.

எந்த மருத்துவரிடம் போவது என்று யோசிக்கவே இல்லை. அஜின் இருந்தான். என் கணவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மகன், எங்கள் சபைப் பையன். எங்கள் ஆட்களுக்கு இப்படி ஒரு புத்தி. டாக்டர் எங்கே படித்தார் என்று கேட்கமாட்டோம், எந்தச் சபை என்றுதான் கேட்போம். நம்ம சபை என்றால் அதற்குமேல் கேள்வி கிடையாது.

மிச்சமிருந்த வேரை அவன் பிடுங்கினான். புண் ஆறியதும் பாலம் (இல்லாத பல்லுக்கு இருபுறமும் உள்ள பற்களை ராவிச் சிறிதாக்கி, மூன்று பற்களையும் ஒரே துண்டாகச் செய்து அவற்றின்மேல் ஒட்டுவது) வைக்கலாம் என்றான். எனக்கு ஒரு பக்கம் முன்பல், மறுபக்கம் கோரைப்பல். இரண்டும் சுமை தாங்க வேண்டும். தாங்குமா என்று பார்க்கத்தான் பிப்ரவரியில் எக்ஸ்ரே எடுத்தான்.

படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். "சித்தப்பா, ஒரு நிமிசம் வெளிய வாங்க" என்று என் கணவரைக் கூட்டிக்கொண்டு போனான். நான் நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இருவரும் பேசுவது தெரிந்தது, கேட்கவில்லை. கணவர் கையை விரித்து ஏதோ சொன்னார். அஜின் தலையைச் சொறிந்தான். பிறகு இருவரும் சிரித்த முகத்தோடு உள்ளே வந்தார்கள்.

"எல்லாம் ஓகேயா மக்கா?"

"ஓகேதான் சித்தி. ஜெபம் பண்ணிட்டுத் தொடங்கலாமா?"

எல்லோருக்கும் அவன் அப்படித்தான் தொடங்குவான். அதற்காகவே அஞ்சுகிராமத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர்கள் உண்டு. கண்ணை மூடினேன். சித்தியைக் கர்த்தரின் கரத்தில் ஒப்புக்கொடுத்து நிறுத்தி நிதானமாக ஜெபித்தான். உரத்து ஆமென் சொன்னது என் கணவர்.

ஜெபம் முடிந்த பிறகு ஒருத்தி நிமிர்ந்து உட்கார்ந்து, படத்தில் என்ன தெரிந்தது என்று கேட்டால் கடவுளையே சந்தேகப்படுவது மாதிரி இருக்காதா? எனக்கு அப்படித்தான் தோன்றியது. கேட்கவில்லை. அந்தத் தவறு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன்.

என் முன்பல்லில், முப்பது வருடம் நூலைக் கடித்துக் கடித்து விழுந்த ஒரு சிறு பள்ளம் இருந்தது. நாக்கு நுனிக்கு அது நல்ல பழக்கம். அன்று சாயங்காலம் நாக்கு அதைத் தேடிப் போனது. ராவிய இடத்தில் ஒரு குச்சிதான் நின்றது.

அடுத்த வாரம் பாலம் ஒட்டியாகிவிட்டது. மூன்றாம் நாள் மகள் பெனிலாவின் நிச்சயம். லெந்து காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள்) தொடங்கிவிட்டால் எங்கள் சபையில் நிச்சயமோ கல்யாணமோ நடத்துவதில்லை. மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை, வந்த லீவு ஈஸ்டர் வரை நீளாது. அதனால் எல்லாமே அவசரம். "சிரி கிரேஸ், நல்லாச் சிரி" என்று போட்டோக்காரரை முந்திக்கொண்டு சொன்னவர் என் கணவர்தான். நானும் சிரித்தேன். ஆல்பம் முழுக்கச் சிரிக்கிறேன்.

மே மாதம் ஒரு காலையில் மூக்கோரம் கன்னம் வீங்கி, இடது கண் பாதி மூடிவிட்டது. அஜின் வெளியூர் போயிருந்தான். நாகர்கோவிலில் ஒரு பெண் மருத்துவரிடம் ஓடினோம். கோரைப்பல்லின் வேர் நுனியில் சீழ். வீக்கம் வற்றிய பிறகு பாலத்தை வெட்டி எடுத்தார். ராவி மெலிந்த கோரைப்பல் வேரோடு பிளந்திருந்தது. அதையும் பிடுங்க வேண்டியதாயிற்று.

அஜினின் கிளினிக்கிலிருந்து பழைய படத்தை வரவழைத்துப் பார்த்தவர் திரையை என் பக்கம் திருப்பினார்.

"வேர் நுனியில இந்தக் கறுப்பப் பாத்தியளாம்மா? பிரிட்ஜ் வைக்கதுக்கு முன்னயே இருக்கு. மொதல்ல வேர் சிகிச்சை (பல்லின் உள்நரம்பை எடுத்து, வேரைச் சுத்தம் செய்து அடைப்பது) பண்ணி, புண் ஆறுதான்னு பாத்திருக்கணும். ஒங்ககிட்ட சொல்லேலியா?"

"மகளுக்கு நிச்சயம் இருந்துது, டாக்டர்."

"அதுக்கென்ன? அன்னைக்கு மட்டும் கழட்டி மாட்டுற பல்லு ஒண்ணு போதுமே."

அஜின் ஊர் திரும்பிய அன்றே போய் நின்றேன். அவன் மறைக்கவில்லை.

"சித்தப்பாகிட்ட அப்பவே சொன்னேன் சித்தி. நிச்சயம் முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம், இப்ப சொன்னா அவ பேடிச்சு (பயந்து) எல்லாத்தையும் தள்ளி வைக்கச் சொல்லிருவான்னு அவியதான்..."

"வாய் எனக்கதுதானே மக்கா?"

அவன் தரையைப் பார்த்தான். "தப்புதான் சித்தி." என் சிகிச்சைக் குறிப்பை எடுத்துக் காட்டினான். 'உறவினரிடம் தெரிவிக்கப்பட்டது' என்று எழுதியிருந்தது. நான் அன்று பத்தடி தூரத்தில், முழு நினைவோடு படுத்திருந்தேன்.

அப்படியானால் அந்த ஜெபத்தின்போது அந்த அறையில் விஷயம் தெரியாதவள் நான் ஒருத்திதான். பல் போனதற்கு அழவில்லை. அந்த ஆமெனுக்கு அழுதேன்.

வீட்டில் கணவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"நீ பேடிச்சிருவன்னுதான் ஏட்டி."

"பேடிச்சா பேடிச்சிட்டுப் போறேன். அது எனக்க பேடி. அத ஒங்க பையில எடுத்துப் போடச் சொன்னது யாரு?"

"புள்ளைக்கு வேண்டித்தானே செஞ்சேன்."

"எங்கிட்டக் கேட்டிருந்தா நானே நிச்சயம்தான் முக்கியம்னு சொல்லியிருப்பேன். கேட்டியளா?"

இருபத்தெட்டு வருடத்தில் அவர் பேப்பரை மடக்கி வைத்துவிட்டு என்னைப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டு பல் இல்லாமல் நான்கு மாதம். பள்ளியில் வாயைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்தினேன். பிறகு அந்தப் பெண் மருத்துவரிடமே ஆறு பல் நீளத்துக்குப் புதிய பாலம். அதற்காக இன்னும் மூன்று நல்ல பற்களை ராவ வேண்டியிருந்தது. ஒவ்வொன்றையும் படத்தில் காட்டச் சொன்னேன். வேறு வழி உண்டா, ராவிய பல் பின்னால் கெட்டால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. கணவரை வெளியே உட்கார வைத்துவிட்டு நானே கையெழுத்துப் போட்டேன். ஊசி போடும்போதும் கண்ணை மூடவில்லை.

நீங்களும் கேளுங்கள். படத்தை உங்களிடம் காட்டச் சொல்லுங்கள், வீட்டு ஆளிடம் அல்ல. ஜெபம் வேண்டுமானால் பண்ணிக்கொள்ளலாம், கேள்விகள் முடிந்த பிறகு.

இப்போது நூலைக் கத்தரியால்தான் வெட்டுகிறேன். பத்து நிமிடத்தில் முடிந்த சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகிறது. வலப்பக்கமாகவே மெல்லுகிறேன். பாலத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒரு மெல்லிய இடுக்கு உண்டு. சுத்தம் செய்வதற்காக விட்டது என்றார் மருத்துவர். பள்ளத்தை இழந்த நாக்கு இப்போது அங்கேதான் போய் நிற்கிறது.

எங்கள் வீட்டில் சாயங்காலம் குடும்ப ஜெபம் உண்டு. கல்யாணம் முடிந்து பெனிலா மஸ்கட் போய்விட்டதால் நாங்கள் இருவர்தான். அவர் கண்ணை மூடி ஜெபிக்கிறார். என் சுகத்துக்காக ஸ்தோத்திரம் சொல்கிறார். நான் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்க்கிறேன். ஜெபத்தை முடித்துவிட்டு அவர் காத்திருக்கிறார். நான் முதலில் நாக்கால் அந்த இடுக்கைத் தொட்டுப் பார்க்கிறேன். பிறகு ஆமென் சொல்கிறேன். சில நாள் சொல்வதில்லை.