தலைப்பிரட்டை மணிகள்

என் மனைவிக்குச் சொட்டு விடுகிற வேலை. உங்கள் வீட்டுக்காரம்மா என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன். கண் ஆஸ்பத்திரியா என்பார்கள். அவள்தான் தலையில் அடித்துக்கொண்டு விளக்குவாள்.

கடற்பாசிப் பசையில் பயிருக்கு நல்லது செய்யும் பாக்டீரியாவைக் கலந்து, சுண்ணாம்புச் சத்து கரைந்த நீரில் ஊசி வழியே சொட்டுச் சொட்டாக விடுவாள். விழுந்த மாத்திரத்தில் ஒவ்வொரு சொட்டும் ஜவ்வரிசி போல உருண்டு இறுகிவிடும். காயவைத்தால் உள்ளே இருப்பவை உறங்கும். விதையோடு போட்டால் மண்ணின் ஈரத்தில் விழித்து, வேரைப் பிடித்துக்கொண்டு, காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்கு ஊட்டும். யூரியாச் செலவு குறையும்.

அந்த பாக்டீரியா எங்கள் குடும்பச் சொத்து என்பது என் எண்ணம். கல்யாணமான புதிதில் நாங்கள் இருந்த வாடகை வீட்டின் பின்பக்கம் ஓர் அவரைக்கொடி. எரு கிடையாது, கவனிப்பு கிடையாது, தறிகெட்டுக் காய்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இவள் மண்ணைத் தோண்டி வேர்முடிச்சுகளைக் கிள்ளி, கைக்குட்டையில் சுற்றி ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனாள். என் கைக்குட்டை. அந்த வீட்டை இடித்துப் பிறகு கார் நிறுத்துமிடம் ஆக்கிவிட்டார்கள்.

ஊசியைத் தாழப் பிடித்தால் மணிக்கு வால் முளைக்கும். வால் மணி விதைக்கும் கருவியில் அடைத்துக்கொள்ளும் என்பதால் நேரே குப்பைக்குப் போகும். இவளுக்கு மனசு வராது. காயவைத்து, பாட்டிலில் போட்டு, வீட்டில் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள்.

"காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இந்தத் தலைப்பிரட்டைங்கள வச்சு என்ன பண்ணப்போற?" என்பேன்.

"வால் இருந்தா என்னங்க? உள்ள உயிர் இருக்குல்ல."

ஒரு நீண்ட விடுமுறை முடிந்து அவள் போனபோது ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டி பழுதாகிக் கிடந்தது. பாக்டீரியாவை மேலும் பெருக்க விதைபோல வைத்திருந்த மூலக் குழாய்களில் ஒன்றுகூடத் தப்பவில்லை. நல்ல மணிகளெல்லாம் ஏற்கெனவே வயலுக்குப் போய்விட்டன. வீட்டுக்கு வந்தவள் அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எல்லாம் போச்சுங்க. அந்தக் கொடியும் இல்ல, வீடும் இல்ல. இனிமே எங்க போய்த் தேடுவேன்?"

ஆறுதல் சொல்ல எனக்கு வராது. டீயாவது போடலாம் என்று அலமாரியைத் திறந்தேன்.

"ஏம்மா, உன் தலைப்பிரட்டைங்க இருக்கே?"

பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள், செருப்புகூடப் போடாமல்.

மணிகளில் கொஞ்சத்தைக் கரைத்துத் தட்டில் பரப்பிவிட்டுக் காத்திருந்தாள். அந்த நாட்களில் சமைத்தது நான், சாப்பிட்டதும் நான் மட்டும். பிறகு ஒரு காலை என் அலுவலகத்துக்கு போன் செய்தாள். "முளைச்சிருச்சுங்க" என்றாள். அதற்குமேல் அவளால் பேச முடியவில்லை. எல்லார் முன்னாலும் நான் குழந்தை மாதிரி அழுதேன்.

இன்று வயலுக்குப் போகும் மணிகள் எல்லாம் அந்தப் பாட்டிலின் வம்சம். மிச்சத் தலைப்பிரட்டைகளோடு பாட்டில் பழையபடி டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்துக்கு வந்துவிட்டது. அவள்தான் இல்லை, போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. போன வாரம் ஆய்வுக்கூடத்திலிருந்து இரண்டு பேர் வந்து, காட்சிக்கு வைக்க அந்தப் பாட்டிலைக் கேட்டார்கள்.

"பழசு தானே சார், இதுல இனிமே என்ன இருக்கப்போகுது?" என்றார் ஒருவர்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"உள்ள உயிர் இருக்குங்க" என்று சொல்லி அலமாரியைச் சாத்தினேன்.