பதினாறு கேடயங்கள்

அந்த ஆண்டுகளில், டென்மார்க்குக்கு அகதிகளாக வந்திருந்த எங்கள் ஆட்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்கள் எதுவும் நகரவில்லை. நானும் அண்ணையும் அங்கே ரண்டர்ஸ் என்ற நகரில் இருந்தோம். என் கணவர் யாழ்ப்பாணத்தில். அவரை அழைப்பதற்கு நான் போட்ட விண்ணப்பம் கொப்பன்ஹேகனில் ஏதோ ஓர் அலுமாரியில் கிடந்தது.

இயந்திரப் படவரைஞராகப் பயின்றவள் என்பதால், ஊர் வரலாற்றுக் காப்பகம் ஒன்றில் எனக்கு வேலைப் பயிற்சி கிடைத்தது. சுவாபியாவிலிருந்து, அதாவது தென் ஜெர்மனியிலிருந்து, டென்மார்க் அரசரின் படைக்கு வந்த ஒரு பிரபுக் குடும்பத்தின் பழைய வம்சாவளித் தாளைப் புதிதாக வரைய வேண்டும். அந்தக் குடும்பத்துப் பெண் ஒருத்தி சொந்த மண்ணிலிருந்த உயர்குலப் பெண்கள் மடத்தில் சேர விரும்பியிருக்கிறாள். அதற்கு நான்கு தலைமுறை மேலே உள்ள பதினாறு முன்னோரும் பிரபுக்கள் என்று காட்ட வேண்டுமாம். ஆளுக்கொரு குலச்சின்னக் கேடயமாகத் தாளில் பதினாறு கேடயங்கள்.

மை, கோப்பி, ஈரக் கம்பளிக் கோட்டு எல்லாம் சேர்ந்த அந்த அறையின் வாசனை இப்போதும் எனக்குப் பிடிக்கும். குடும்பத்தின் கேடயத்தில் ஓர் ஆலைச் சக்கரம். பின்னணியில் நெட்டுக் கோடுகள்; வேறு ஐந்து கேடயங்களிலும் அப்படியே. இயந்திரப் படத்தில் வெட்டுமுகத்தைக் காட்டும் கோடு நாற்பத்தைந்து பாகை சாய்ந்திருக்க வேண்டும் என்பது படவரைஞர்களான எங்களுக்கு முதல் வாரப் பாடம். பழைய ஆள் தவறிவிட்டார் என்று எண்ணி, ஆறு கேடயங்களில் கோடுகளைச் சாய்த்துவிட்டேன்.

காப்பகப் பொறுப்பாளர் என்னைவிட நான்கைந்து வயது மூத்த டேனிஷ் பெண். பார்த்ததும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நிறம் பூச முடியாத அச்சில் நெட்டுக் கோடு என்றால் சிவப்பு. சாய்கோடு பச்சை. ஒரு வம்சத்தையே புல்வெளி ஆக்கிவிட்டாயே!"

திருப்பி வரைந்துகொண்டிருந்தபோது கேட்டேன்: "இந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொண்டார்களா?"

அவர் தாளோடு இருந்த கடிதக் கட்டைப் புரட்டினார். "முதலில் ஒரு பாட்டியின் ஞானஸ்நானச் சான்று அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வருடம் இன்னொன்று. பிறகு சாட்சிகளின் சத்தியம்."

"எது குறைந்தது?"

"குறை என்று மடம் எழுதவில்லை. மாட்டோம் என்றும் எழுதவில்லை. எடுத்துப் பார்க்கவே இல்லை போல."

என் கொப்பியில் இருந்த பட்டியல் நினைவுக்கு வந்தது. கலியாணப் பதிவு, மூன்று முறை. படங்கள், இரண்டு முறை. கிராம சேவகர் கடிதம். பதில் வராதபோதெல்லாம் பிழை என் தாளில்தான் என்று நம்பி, இன்னொன்று அனுப்பியிருந்தேன்.

அன்று பின்னேரம் கோடுகளின் கதையை நான் சொன்னபோது, அண்ணை என் அடுத்த சான்றோடு மொழிபெயர்ப்பாளரிடம் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனி வேண்டாம் அண்ணை."

"ஏன், மனுசனே வேண்டாமோ?"

"வேணும். ஆனா என்ர கடுதாசியில பிழை இல்லை."

"உன்ர கோடுகளில கூடப் பிழை இல்லையெண்டுதான் நேற்று வரைக்கும் சொன்னனீ!"

"அது வேற. பிரபுமாரைப் பச்சையாக்கினது நான்தான்."

அண்ணை சிரித்துக்கொண்டே சப்பாத்தைக் கழற்றினார். அந்த மாதம் சான்று எதுவும் வைக்காமல் ஒரே ஒரு வரி அனுப்பினேன்: எனது கோப்பை எந்த நாளில் திறப்பீர்கள்? பரிசீலனையில் உள்ளது என்று பதில் வந்தது. நாள் இல்லை. ஆனால் அதன் பிறகு நான் என்னைத் திருத்திக்கொண்டிருக்கவில்லை.

எங்கள் ஆட்களின் கோப்புகளை எடுக்க வேண்டாம் என்று அமைச்சரே சொல்லிவைத்திருந்தது பின்னர் நாடறிந்த விவகாரமானது. கோப்புகள் திறந்தன. என் கணவரும் வந்து சேர்ந்தார். விமான நிலையத்திலிருந்து வரும் வழியில் காரின் பின் இருக்கையில், இருவரும் ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். 

"என்ன, படம் எடுக்கப் போறமாதிரி இருக்கிறியள்? கதையுங்கோவன்," என்றார் காரோட்டிக்கொண்டிருந்த அண்ணை, கண்ணாடியில் பார்த்து.

"குளிருதோ?" என்று கேட்டேன்.

"இல்லை," என்றார் கணவர். பற்கள் அடித்துக்கொண்டிருந்தன.