வளையத்துக்குள் அடங்காத காய்கள்

ஹவ்வாவின் கணவன் நெய்னாரை அடக்கம் செய்த பிறகு மூன்று நாளாக அந்தத் தோட்டத்தில் யாரும் கால் வைக்கவில்லை. கெர்கின் வெள்ளரி யாருக்காகவும் காத்திருக்கும் காயல்ல. விரல் பருமனில் பறிக்காவிட்டால் மறுநாளே ஊதிவிடும். வெளிநாட்டுச் சாடிகளுக்கென்றே நுரைச்சோலை மணலில் போடும் இந்தச் சின்ன வெள்ளரியை நெய்னாரும் ஹவ்வாவும் விடியமுன் பறிப்பார்கள். கம்பனி தந்த வளையத்துக்குள் நுழைகிற காயைத்தான் கூடையில் போடுவார்கள்.

இப்போது ஹவ்வா, கணவனை இழந்தவள் இருக்கவேண்டிய இத்தாவில் இருந்தாள். நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு இறங்கக்கூடாது. அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அத்தனை நாளுக்கும் அடுப்பெரிய அந்தக் கொடிகளைத்தான் நம்பியிருந்தாள். காய்கள் பெருப்பதை யன்னலால் பார்த்துக்கொண்டிருக்க மட்டுமே முடிந்தது.

நான்காம் நாள் மகள் ஆதிலா பள்ளிக்கூடம் போகாமல் தனியே பறித்தாள். காய் வாங்க வரும் ஹஸ்மி கூடைகளைக் கிளறிப் பார்த்துவிட்டு வாசலில் வந்து நின்றான். ஹவ்வா திரைச்சீலைக்குப் பின்னால் அமர்ந்தாள். அக்கா முறையில் அவளைத் 'தாத்தா' என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"தாத்தா, ஒண்டும் வளையத்துக்குள்ள போகுதில்ல."

"புழு கிழு இருக்கா தம்பி?"

"இல்ல, நல்ல காய்தான். சாடிக்குத்தான் ஆகாது."

"அப்ப வெட்டிப் போடச் சொல்லுங்களன்."

"அந்த நாட்டு ஆளுகள் முழுசாத்தான் கேக்குறாங்க."

"ஏன், பல்லில்லாம முழுங்குறவங்களா?"

ஹஸ்மிக்குச் சிரிப்பு வந்தது. சாவு விழுந்த மையித்து வீடென்று அடக்கிக்கொண்டான்.

"நான் ஜெர்மனியில கடையொண்டில வேல செஞ்சவன், தாத்தா. முடியிற திகதி கிட்ட வந்தா மூடி திறக்காத சாடியையே குப்பையில போடுவம். அரை விலைக்குக் குடுத்தா சனம் கொண்டுபோகும். சில கடையில குடுக்கவும் செய்றாங்க. எங்கட முதலாளிக்கு அது கரைச்சல்."

"எறியிறதுக்கா இவ்வளவு அளந்து பறிச்சம்?"

ஹஸ்மி வளையத்தைப் பைக்குள் போட்டான். "வெட்டுத்துண்டுக்கு ஓடர் வந்தா சொல்லியனுப்புறன்," என்றான். "இந்தப் போகம் இனிச் சரிவராது. காய் பெருத்து நிண்ட கொடி திரும்பக் காய்க்காது."

1990இல் முஸ்லிம்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட அன்று உலையில் வெந்துகொண்டிருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு வந்த சிறுமி ஹவ்வா. அதன்பிறகு அவள் வீட்டில் ஒரு பிடி சோறும் குப்பைக்குப் போனதில்லை. நெய்னாரும் சோற்றுக் கோப்பையை விரலால் வழித்துத்தான் எழும்புவார். "அல்லா தாற பரக்கத்து எந்தப் பருக்கையில இருக்கெண்டு ஆருக்குத் தெரியும்" என்பார்.

அன்று மத்தியானம் அடுப்பு மூட்டி, காயை அரிந்து தேங்காய்ப்பால் விட்டு ஆக்கினாள். அயலுக்கும் கொடுத்தனுப்பினாள். கூடை நிறைந்தபடியே திரும்பி வந்தது. எல்லார் வீட்டிலும் கெர்கின்தான், எல்லார் வீட்டிலும் கம்பனி கழித்த காய் இருந்தது. ஆடுகளும் தின்றுவிட்டு முகத்தைத் திருப்பின.

புழுப் பிடிக்கமுன் புதைக்கச் சொல்லிக் கம்பனிக்காரர் சொல்லியிருந்தார்கள். ஆதிலா வேலியோரம் குழி வெட்டினாள். மணலில் மண்வெட்டி இறங்கும் சத்தம் உள்ளே கேட்கவில்லை. காய்கள் விழுவதுதான் கேட்டது.

கைகழுவிக்கொண்டு வந்தவள் திரையை விலக்காமலே சொன்னாள்.

"உம்மா, ஆலங்குடா ஹோட்டல்ல கோப்ப கழுவ ஆள் வேணுமாம். வெள்ளக்காரங்க வெச்சிட்டுப் போறதக் கொட்டிட்டுக் கழுவோணும். அவ்வளவுதான். நான் போகட்டா?"

ஹவ்வா மடியில் இருந்த, தான் வழித்துத் தின்று முடித்த கோப்பையைப் பார்த்தாள். பிறகு, "ஓம்" என்றாள்.