அடுப்பில் விட்டு வந்த அவரைக்காய்

எனக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகச் சொன்னபோது வயது முப்பத்தெட்டு. கவனம் ஓரிடத்தில் நிற்காது, கையில் எடுத்த வேலை பாதியில் நழுவிவிடும், ஒன்றைச் செய்யும்போதே மனம் வேறொன்றுக்குப் போய்விடும். இதற்கு எங்கள் வீட்டில் அதுவரை வேறு பெயர்கள் இருந்தன. அம்மா மறதி என்பாள். மாமியார் திமிர் என்பார்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். காலையில் ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுப்பேன். மதியத்துக்கு மேல் நிலையத்தில் உட்கார்ந்து முடிவுகளைக் கணினியில் ஏற்றுவேன். அப்படி ஒரு நாள் மூன்று மணி வாக்கில், இரண்டு பேருடைய சர்க்கரை அளவை மாற்றி ஏற்றிவிட்டேன். கூட இருந்த மூத்த ஊழியர் கண்ணில் பட்டதால் அது வெளியே போகவில்லை. போயிருந்தால் சர்க்கரை இல்லாத ஒருவர் அன்றைக்கே மாத்திரை போடத் தொடங்கியிருப்பார். அந்த ஊழியர் என்னைத் திட்டவில்லை. "இது மூணாவது வாட்டிம்மா" என்று மட்டும் சொன்னார். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை பசியைக் கொன்றது. காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு இன்னொரு டீ, கூட இரண்டு பிஸ்கட். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் கை நடுங்கும்; அப்போது கிடைத்ததை அள்ளித் தின்பேன். மறுபடி பார்க்கப் போனபோது டாக்டரம்மா, "நேத்து மத்தியானம் இன்னா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். எனக்கு ஞாபகமே இல்லை.

"காய் சாப்பிட்டா இது சரியாயிடும்னு நான் சொல்லல. சரியாவாது. ஆனா வெறும் டீயில மூளைய ஓட்டாதீங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க, தட்டுல பாதி காயா இருக்கட்டும். உடம்பு நிதானமா இருந்தாதான் மாத்திரையும் ஒழுங்கா வேலை செய்யும்."

கேட்பதற்கு எளிதாக இருந்தது. நான் மீன்காரர் வீட்டில் பிறந்தவள். எங்கள் வீட்டில் காய் என்றால் குழம்பில் மீனுக்குத் துணையாகக் கிடக்கும் கத்தரிக்காயும் மாங்காயும்தான். வெண்டைக்காயின் வழவழப்பு நாக்கில் பட்டால் இன்றைக்கும் எனக்குக் குமட்டும். அதைவிடப் பெரிய தொல்லை, வாங்கிய காயை நான் மறந்துவிடுவதுதான். நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் ஆசை ஆசையாக வாங்கி ஃபிரிட்ஜின் அடித்தட்டில் போடுவேன். ஃபிரிட்ஜை மூடியதும் அது என் மனதை விட்டே போய்விடும். பத்து நாள் கழித்துத் திறந்தால் கீரை தண்ணியாகிக் கிடக்கும்.

"வாங்குறது நீ, திங்குறது குப்பைத்தொட்டி" என்பார் மாமியார். முட்டி ஆபரேஷன் முடிந்து அப்போது எங்களோடுதான் இருந்தார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை போவார், அவ்வளவுதான். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

அந்தச் சனிக்கிழமை காலை, இன்றைக்கு எப்படியும் மதியத்துக்குக் காய் கட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்தேன். என் கணவர் ஃபேக்டரிக்கு முதல் ஷிப்ட் போய்விட்டார். அவரைக்காயை நறுக்கி, கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்தேன். போன் அடித்தது. ஒரு பெண் பேசினார்.

"ஆறரைக்கு வரேன்னு சொன்னீங்க, மணி ஏழரை ஆவுது. அப்பா சுகர்காரரு, ராத்திரியிலேருந்து வெறும் வயித்தோட இருக்காரு. வருவீங்களா மாட்டீங்களா?"

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அரியாங்குப்பத்தில் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்க வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோயிருந்தது. பெட்டியை எடுத்தேன், ஹெல்மெட்டை எடுத்தேன், மாமியாரால் எழுந்து வந்து தாழ் போட முடியாது என்பதால் வழக்கம்போலக் கதவை வெளியே பூட்டினேன். ஓடினேன்.

முருங்கப்பாக்கம் தாண்டி ஆற்றுப்பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் பஸ்களும் லாரிகளுமாக அடைத்துக்கொண்டு நின்றன. முன்னால் நின்ற வண்டியின் சைலன்ஸரிலிருந்து புகை வந்து முகத்தில் அடித்தது. அந்தப் புகையில்தான் நினைவு வந்தது. அடுப்பு.

அணைத்தேனா? கண்ணை மூடி யோசித்தேன். காயைப் போட்டது தெரிந்தது. தீயைக் குறைத்தது தெரிந்தது. அதற்குப் பிறகு போன் சத்தம் மட்டும்தான் இருந்தது. வீட்டில் மாமியார். கதவு வெளியே பூட்டு. சாவி என் இடுப்பில்.

மாமியாருக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. போன் முன்னறையில் சார்ஜில் கிடக்கும், எழுந்து வந்து எடுக்க அவருக்கு நேரமாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. கணவர் போனை ஃபேக்டரி லாக்கரில் வைத்திருப்பார். கீழ்வீட்டுக்காரர்கள் நம்பர் என்னிடம் இல்லை. ஆறு வருஷமாகக் கீழே குடியிருக்கிறார்கள். ஒரு நாள் வாங்க வேண்டும் என்று நினைத்து நினைத்து விட்டிருக்கிறேன்.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பசியோடு ஒருவர். இந்தப் பக்கம் எரியும் அடுப்பு. ஸ்கூட்டரைத் திருப்பினேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் கத்தினார். ஓரமாக நிறுத்தி அந்தப் பெண்ணுக்கு போன் செய்தேன். டயர் பஞ்சர் என்று சொல்லத்தான் வாய் போனது. ஆனால், "வீட்டுல அடுப்ப அணைக்காம வந்துட்டேங்க. நடக்க முடியாதவங்க உள்ள இருக்காங்க. போய்ப் பாத்துட்டு வரேன்" என்றேன். "முதல்ல போங்க" என்றார்.

வந்த வழி எதுவும் எனக்கு நினைவில்லை. தெருமுனையில் திரும்பும்போது மாடியைப் பார்த்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் புகை மெல்ல வந்துகொண்டிருந்தது. சாவி பூட்டுக்குள் போகாமல் இரண்டு தரம் நழுவியது.

உள்ளே ஒரே கரிநாற்றம். கண் எரிந்தது. "அத்தை!" என்று கத்தினேன்.

"இங்கதான் இருக்கேன். கத்தாத."

சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாக்கர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்தியிருந்தார். அடுப்பு அணைந்திருந்தது. பாத்திரத்தின் அடி கன்னங்கரேலென்று, அவரைக்காய் இருந்த அடையாளமே இல்லாமல் ஒட்டிக் கிடந்தது.

"அணைச்சிட்டேன். அணைச்சதும் கால் நிக்கல, அப்படியே உக்காந்துட்டேன். விழுவல." மூச்சு வாங்கினார். "போன் அடிச்சுது. அதுக்குப் போறதா, இதுக்கு வரதா?"

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, பாதி வழியில் விட்டு வந்த பெரியவரைப் பற்றியும் சொல்லி அழுதேன். அவர் என் தலையைத் தொடவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. "என்னைத் தூக்கி உக்கார வச்சிட்டுப் போ. அந்த ஆளு பட்டினியோட உக்காந்திருப்பாரு" என்றார். ஜன்னல்களைத் திறந்து, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கதவைப் பூட்டாமல், கீழ்வீட்டு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனேன். அரியாங்குப்பத்துப் பெரியவர் கையை நீட்டினார். ரத்தம் எடுத்துக் குப்பியில் அவர் பெயரை எழுதினேன்.

சாயங்காலம் கணவர் உள்ளே வந்ததும் மூக்கைச் சுளித்தார். "இன்னா கரிஞ்ச வாசனை?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாமியார் சொன்னார்: "நான்தான். டீ வைக்கலாம்னு போனேன். தீய்ஞ்சிடுச்சு."

அவர் என்னைக் காப்பாற்றப் பொய் சொல்கிறார் என்பது புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கணவர் அம்மாவைக் கடிந்துகொள்ளத் தொடங்கினார். ஆபரேஷன் செய்த காலோடு சமையலறையில் என்ன வேலை என்றார். மாமியார் தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

"அத்தை இல்ல. நான் வச்சிட்டுப் போயிட்டேன். கதவையும் பூட்டிட்டுப் போயிட்டேன்."

கணவர் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை; முகம்தான் வெளுத்துப் போனது. "இனிமே நீ அடுப்புப் பக்கம் போவாத" என்றார்.

"அவ போவாம நீ போவியா?" என்றார் மாமியார். "டாக்டர் சொன்னாங்கன்னு காய் வேவ வச்சா. புத்தி அப்படி, அவ இன்னா பண்ணுவா? திமிருன்னு நெனச்சிட்டு இருந்தேன். ஓடியாந்தப்ப மூஞ்சப் பாத்தேன். திமிரு புடிச்சவ மூஞ்சி அப்படி இருக்காது."

மறுநாளிலிருந்து அவரே ஒரு வழி செய்தார். நான் அடுப்பைப் பற்ற வைத்ததும் சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார், வாக்கரைக் குறுக்கே வைத்து. "காய் வெந்து இறக்குற வரைக்கும் இந்த வழியா நீ வெளிய வர முடியாது." போன் அடித்தால் அவர் எடுப்பார். எனக்குச் சில நாள் சிரிப்பு வரும், சில நாள் எரிச்சலில் பல்லைக் கடித்துக்கொள்வேன். கதவை வெளியே பூட்டுவதை அன்றோடு விட்டேன். கீழ்வீட்டு நம்பர் இப்போது எங்கள் எல்லார் போனிலும் இருக்கிறது.

காய்களை ஃபிரிட்ஜின் மேல்தட்டில், திறந்ததும் கண்ணில் படுகிற மாதிரி வைக்கிறேன். வெண்டைக்காயை விட்டுவிட்டேன். கேரட், பீன்ஸ், கோஸ், பருப்பில் போட்ட கீரை, இவை எனக்குச் சேர்கின்றன. பன்னிரண்டரைக்கு போனில் அலாரம் அடிக்கும். பசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் டப்பாவைத் திறந்து முடித்துவிட்டுத்தான் கணினி முன்னால் உட்காருகிறேன். சாயங்காலம் வரும் அந்த நடுக்கம் இப்போது குறைந்திருக்கிறது. ஒருவர் முடிவு இன்னொருவர் பெயரில் அதன் பிறகு ஏறவில்லை. இதில் மாத்திரை செய்தது எவ்வளவு, காய் செய்தது எவ்வளவு என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. மறதி போய்விடவில்லை. போன வாரம்கூட ஒரு வீட்டில் ஹெல்மெட்டை விட்டுவிட்டுப் பாதி வழி வந்துவிட்டேன்.

கணவர் அந்த நாளைப் பற்றி அதற்கப்புறம் பேசவே இல்லை. ஆனால் ஷிப்டுக்குக் கிளம்புமுன் சமையலறைக்குள் போய், குனிந்து, சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். நான் அதைக் கவனிக்காததுபோலக் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன்.