மூன்று விரல் துணி

ஐந்தாவது தடவையும் பிள்ளை ஓடி வந்து நின்றுவிட்டாள்.

அம்பு மாதிரி வந்தவள், ஸ்பிரிங் பலகைக்கு இரண்டடி முன்னால் காலைத் தேய்த்து, எட்டைக் குறுக்கி, மேசையின் விளிம்பைக் கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் திரும்பி நடந்தாள். ஓடி வந்து பலகையை மிதித்து எழும்ப வேண்டும், அந்த உயரமான மேசையில் கை ஊன்ற வேண்டும், தலைகீழாகப் புரண்டு அந்தப் பக்கம் போய் நிற்க வேண்டும். வால்ட் என்று அதற்குப் பெயர். ஒரு வருடமாக விளையாட்டுப்போல் செய்துகொண்டிருந்தவளுக்கு மூன்று வாரமாக அது வரவில்லை.

கூடத்தின் ஓரத்தில் பெற்றோருக்கு வரிசையாக நாற்காலி போட்டிருந்தார்கள். அவர்கள் காலுக்கு முன்னால் தரையில் ஒரு மஞ்சள் கோடு. அதைத் தாண்டிப் பெற்றோர் வரக்கூடாது என்பது சட்டம். கடைசி நாற்காலியில், தூணை ஒட்டி உட்கார்ந்திருந்தாள் பிள்ளையின் அம்மா, தையல்காரி. அவளுக்கு அந்த இடம்தான் தோது. ஒரு பக்கம் தூண் இருந்தால் ஒரு பக்கம் மட்டும்தான் பேச வேண்டியிருக்கும்.

அந்த ஒரு பக்கத்தில் இருந்தவரோ சும்மா இருப்பவர் இல்லை. தன் மகள் குனிவது நிமிர்வது எல்லாவற்றுக்கும் நேரம் பிடிக்கிற மனிதர். கழுத்தில் எப்போதும் ஸ்டாப்வாட்ச் தொங்கும். பிள்ளைகள் வைத்த பெயர் கடிகார அங்கிள். அவர் பெருமூச்சு விட்டார். பயம் உள்ளே புகுந்துவிட்டது, ஒரு தடவை புகுந்தால் அது வாடகைக்கு வந்தவன் மாதிரி, லேசில் காலி பண்ணாது என்றார். தையல்காரி தலையை ஆட்டினாள். ஆமாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவள் தலையாட்டல் எப்போதும் அப்படித்தான்.

பயிற்சி முடிந்ததும் கோச் மேடம் கோட்டுக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றார். கத்திக் கத்திக் கரகரத்துப்போன குரல்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்குறேன்மா. அதுக்குள்ள தாண்டலைன்னா ஞாயித்துக்கிழமை போட்டிக்கு அவ பேரத் தர முடியாது. இப்படி நின்னு நின்னு ஒருநாள் பாதியில விழுந்து கை முறிஞ்சா நான்தான பதில் சொல்லணும்?"

தையல்காரிக்குக் கேட்க நிறைய இருந்தது. வெளியே வந்தது "சரிங்க மேடம்" மட்டும்தான்.

அவள் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தியவள். பதினேழு வருடமாக ஒரு துணிக்கடையின் பின்னறையில், மற்றவர்கள் வாங்கிய பேன்டைக் குட்டையாக்குவதும் இடுப்பைப் பிடிப்பதும் அவள் வேலை. டேப்பைக் கழுத்தில் போட்டிருந்தாலும் கண்ணாலேயே அளந்துவிடுவாள். இடது கால் அரை விரல் குட்டை என்று தனக்கே தெரியாமல் நாற்பது வருடம் நடந்த ஒருவருக்கு அதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் அவள்தான். அதையும் வாயால் சொல்லவில்லை. இடது கால் மடிப்பை அரை விரல் கூட்டித் தைத்துக் கொடுத்தாள். வாடிக்கையாளர் எதிரே வந்து நின்றால் நாலு குண்டூசியை உதட்டில் கடித்துக்கொள்வாள். ஊசி கடித்திருப்பவளிடம் யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

மகளுக்கு ஐந்து வயதில் அந்தப் பின்னறைதான் விளையாட்டு மைதானம். துணிப்பொதிகளின் மேலே ஏறி, குட்டிக்கரணம் அடித்துக் கீழே வந்து நிற்பாள். ஒருநாள் பேன்டுக்கு ஓரம் அடித்து வாங்க வந்து காத்திருந்த ஒரு பெண்மணி அதைப் பார்த்தார். அவர்தான் கோச் மேடம். இந்தச் சுண்டெலியை என்னிடம் அனுப்புங்கள் என்று கேட்டார். வாயில் ஊசி இருந்ததால் தையல்காரி மறுக்கவில்லை என்று அவள் புருஷன் இன்றைக்கும் கேலி செய்வான்.

அன்றிலிருந்து பிள்ளைக்குச் சுண்டெலி என்றே பெயர். தாயைச் சுண்டெலியோட அம்மா என்பார்கள். மேடத்தின் ஜிம்னாஸ்டிக் சங்கத்திலேயே பிள்ளைதான் மிகச் சின்ன உருவம். போட்டியில் அவள் வந்து நின்றால் எதிரணியினர்கூடச் சிரிப்பார்கள். அவள் மேசையைத் தாண்டியதும் சிரிப்பை நிறுத்துவார்கள். பட்டப்பெயருக்குக் கோபப்படாமல், அதைப் பதக்கம்போல் போட்டுக்கொண்டு திரிந்த பிள்ளை அவள்.

வீட்டில் அவள் அப்பா தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தான். அவன் குளிர்சாதனப் பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டுபோய் இறக்குகிற வேன் ஓட்டுபவன். மூன்றாவது மாடிக்குப் பெட்டி ஏற்றும்போது தனக்கும் பயம் வரும், அப்போது கீழே பார்க்காமல் முன்னால் போகிறவன் முதுகைப் பார்ப்பேன் என்று சொன்னான். எனக்கு முன்னாடி யாரும் ஓட மாட்டாங்களேப்பா என்றாள் மகள்.

புதன்கிழமை சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோதுதான் பயிற்சிக்குப் போடும் நீலப் பேன்ட் தையல்காரியின் கையில் வந்தது. அவளே தைத்தது. வளருகிற பிள்ளை என்று கீழே மூன்று விரல் துணியை உள்ளே மடித்து வைத்துத் தைத்திருந்தாள். கணுக்கால் தெரிய ஆரம்பித்தால் பிள்ளையே கொண்டுவந்து "பிரிச்சு விடும்மா" என்று மடியில் போடும். இந்தத் தடவை கொண்டுவரவில்லை. மாறாக, கீழ்ப்பக்கத்தில் அழுத்தமான சுருக்கங்கள் தெரிந்தன. வேண்டுமென்றே சுருட்டி விட்டுக்கொண்டு, அதுதான் இப்போது நாகரிகம் என்பதுபோல் போட்டிருக்கிறாள். கணுக்கால் தெரிவதற்கு நீளம் பற்றாதது காரணம் இல்லை, சுருட்டியதுதான் காரணம் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

தையல்காரி பேன்டைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அவள் கண்ணுக்கு முன்னால் அந்தத் தூண் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை, கோச் மேடம் பிள்ளைகளைத் தூணோடு சேர்த்து நிறுத்திப் பென்சிலால் உயரக் கோடு போடுவார். அந்தக் கோடு ஏறினால், ஓட ஆரம்பிக்கிற இடத்தையும் அதற்குத் தக்கபடி தள்ளி வைப்பார். போன இரண்டு மாதமும் சுண்டெலியின் கோடு ஏறவில்லை. தூணுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த தையல்காரி அப்போது ஒன்றைப் பார்த்தாள்: தொளதொள பேன்டுக்குள் முழங்கால் லேசாக முன்னால் தள்ளியிருந்தது. களைப்பாக இருக்கும் என்று விட்டுவிட்டாள். அவளும்தான் ஏமாந்தாள்.

பிறகு எண்ணிப் பார்த்தாள். எண்ணுவது அவளுக்குத் தொழில் பழக்கம். போன வருடமெல்லாம் மகள் பதினாலு எட்டு வைத்துப் பலகையை மிதிப்பாள். இப்போது பதின்மூன்றாவது எட்டிலேயே பலகைக்குக் கிட்டே வந்துவிடுகிறாள்; பதினாலாவதை வைக்க இடம் இல்லை. தையல் மெஷினில் தையலின் நீளத்தை ஒரு புள்ளி கூட்டினால் பத்துத் தையலில் ஒன்றும் தெரியாது. முழுப் பாவாடையைச் சுற்றி வந்தால் கடைசித் தையல் எங்கேயோ போய் விழும். இதுவும் அந்தக் கதைதான். கால் வளர்ந்துவிட்டது, கோடு வளரவில்லை.

மகள் கொல்லைக் குழாயடியில் வழுக்காமலிருக்கப் பயிற்சியில் காலில் பூசிய வெள்ளைப்பொடியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தையல்காரி போய்ப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"எத்தன எட்டு வச்சு ஓடுற?"

"பதினாலு."

"இல்லடி கண்ணு. பதிமூணு."

பிள்ளை ஒரே காலை ரொம்ப நேரம் கழுவினாள்.

"தூண்ல நிக்கும்போது முட்டிய மடக்கினியா?"

"கொஞ்சூண்டு."

"எவ்வளவு?"

அவள் இரண்டு விரலைச் சேர்த்துக் காட்டினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மூன்றாவது விரலும் மெதுவாக வந்து சேர்ந்துகொண்டது.

அதற்குப் பிறகு எல்லாம் கொட்டியது. சங்கத்தில் முன்பு ஓர் அக்கா இருந்தாள். நெடுநெடுவென்று வளர்ந்து, கம்பியில் சுழலும்போது கால் தரையில் இடித்ததால் கொக்கு என்று பெயர் வாங்கியவள். திடீரென்று ஒருநாள் வராமல் போனாள். அடுத்த நாள் கோச் மேடம் சுண்டெலியின் தலையில் தட்டி, நீயாவது வளராம இரு என்று சொன்னார். அவ்வளவுதான். வளர்ந்தால் அனுப்பிவிடுவார்கள் என்று பிள்ளை முடிவு கட்டிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை இரண்டு மாதமாகத் தனியாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

"மேடம்கிட்ட சொல்லிடாதம்மா" என்று அழுதாள்.

"சொல்லாட்டி நீ ஓடி ஓடி நிப்ப. எல்லாரும் பயம்னு நெனைக்கிறாங்க. உனக்குப் பயம் இல்ல. கணக்கு தப்புன்னு உன் காலுக்குத் தெரியுது, அதான் நிக்குது. நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள். கேலி இல்லை, நிஜமான சந்தேகம்.

"நீயா? உனக்குத்தான் பேசவே வராதே."

மறுநாள் முழுவதும் தையல்காரி வேலையில் எத்தனை பேன்ட் தைத்தாளோ அத்தனை தடவை அந்த வாசகம் காதில் கேட்டது. பிள்ளை சொன்னதில் பொய் இல்லை. மெஷின் சத்தத்துக்குள் ஒத்திகை பார்த்தாள். மேடம், உங்களிடம் ஒரு விஷயம் என்று தொடங்குவதா, தப்பாக நினைக்காதீர்கள் என்று தொடங்குவதா? நாலாவது வார்த்தைக்கு மேல் எதுவும் நகரவில்லை.

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். வந்த அவசரத்தில் டேப்பைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்திருந்தாள். மகள் ஓடினாள். நின்றாள். மறுபடி ஓடினாள், மறுபடி நின்றாள். மேடம் சொல்லிப் பார்த்தார், கூடவே ஓடிப் பார்த்தார். கடைசியில் ஓரத்து எழுதும் மேசைமேல் இருந்த பெயர்ப் பட்டியலையும் பேனாவையும் எடுத்தார்.

தையல்காரி எழுந்தாள். செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே தள்ளினாள். மஞ்சள் கோட்டைத் தாண்டினாள். பின்னால் கடிகார அங்கிள் "ஏங்க, ஏங்க" என்பது கேட்டது. ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. வந்தது வேறு.

"மேடம், பேன்ட் மூணு விரல் பத்தல."

கோச் மேடம் பேனாவை நிறுத்தினார். "என்னம்மா? எந்த பேன்ட்?"

இனி பேசினால் குழம்பிவிடும் என்று தையல்காரிக்குத் தெரிந்தது. மகளின் கையைப் பிடித்துத் தூணுக்கு அழைத்துப் போனாள். டேப்பை எடுத்துத் தூணோடு சேர்த்துப் பிடித்தாள். "நேரா நில்லு" என்றாள். பிள்ளை ஒரு கணம் மேடத்தைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். முழங்கால் நிமிர்ந்தது, முதுகு நிமிர்ந்தது. பழைய பென்சில் கோட்டுக்கு மூன்று விரல் மேலே போய் நின்றது தலை.

கோச் மேடம் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓடுகிற பாதையைத் திரும்பிப் பார்த்தார், உதடு எதையோ கணக்குப் போட்டது.

"வளரக் கூடாதுன்னு உனக்கு யாருடி சொன்னா?"

"நீங்கதான் மேடம்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து பிள்ளையின் உயரத்துக்கு வந்தார். கொக்கு போனது அவள் அப்பாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததால். அங்கே போயும் கம்பியில் அவள்தான் முதல் என்று சொன்னார். தான் வேடிக்கையாகச் சொன்னதைப் பிள்ளை வேதவாக்காக எடுத்துக்கொள்ளும் என்று நினைக்கவில்லை, தப்பு தன்மேல்தான் என்றும் சொன்னார். அதை அத்தனை பேர் முன்னால் சொன்னார் என்பதற்காகவே தையல்காரி பிற்பாடு அவருக்கு எத்தனையோ பேன்டுக்குக் காக்க வைக்காமல் ஓரம் அடித்துக் கொடுத்தாள்.

ஓட்டம் தொடங்கும் இடத்தில் சுண்ணக்கட்டியால் போட்ட பழைய கோட்டை மேடம் காலால் அழித்தார். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பின்னால் தள்ளிப் புதுக்கோடு போட்டார். முதலில் தாண்ட வேண்டாம், ஓடி மட்டும் வா என்றார். பிள்ளை ஓடினாள். தையல்காரி மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வர மறந்து, அங்கேயே நின்று எண்ணினாள். பன்னிரண்டு, பதின்மூன்று, பதினாலு. கால் பலகைக்கு முன்னால் விழ வேண்டிய இடத்தில் விழுந்தது. நான்கு தடவை அப்படியே ஓட விட்டார். ஐந்தாவது தடவைக்கு முன்னால் மேடம் மேசைக்குப் பக்கத்தில் போய்க் கையை நீட்டித் தயாராக நின்றார்.

பிள்ளை தாண்டிவிட்டாள். அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. காற்றில் முழங்கால் பிரிந்தது, இறங்கின இடத்தில் நிற்காமல் மூன்று எட்டுத் தள்ளாடி மெத்தையில் உட்கார்ந்தாள். ஆனால் உட்கார்ந்தது அந்தப் பக்கம். அங்கிருந்து முதலில் பார்த்தது அம்மாவை.

"பதினாலா?" என்று கத்திக் கேட்டாள்.

"பதினாலு" என்றாள் தையல்காரி. கூடத்தின் மறுகோடி வரைக்கும் கேட்டது. தன் குரல் அவ்வளவு தூரம் போகும் என்று அவளுக்கே தெரியாது. கடிகார அங்கிள் தன் ஸ்டாப்வாட்சைப் பார்த்துக்கொண்டார், நேரம் பிடிக்க மறந்துவிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வால்டில் சுண்டெலிக்கு ஏழாவது இடம். போன வருடம் மூன்றாவது. பதக்கம் இல்லை. திரும்பும்போது அப்பாவின் வேனில் மூவரும் முன்னால் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். நீலப் பேன்டின் மடிப்பைத் தையல்காரி முந்தின நாளே பிரித்து விட்டிருந்தாள். பழைய மடிப்பு இருந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று கால் சுற்றிலும் தெரிந்தது. பிள்ளை அதை விரலால் தடவிக்கொண்டே வந்தாள்.

இது போகாதா என்று கேட்டாள். துவைக்கத் துவைக்க மங்கும், ஆனால் உள்ளே இனி துணி கிடையாது, அடுத்தது புதிதாகத்தான் தைக்க வேண்டும் என்றாள் அம்மா.

பிள்ளை நாலு விரலைச் சேர்த்து அந்தக் கோட்டின்மேல் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப புதுசுல நாலு விரல் விட்டுத் தைம்மா."

"சுண்டெலி பெருச்சாளி ஆகப் போகுது" என்றான் அப்பா, வண்டியைத் திருப்பிக்கொண்டே. பிள்ளை அவன் தோளில் ஓர் அடி வைத்தாள்.