அம்மா வந்திருக்கிறாள்

நோயாளி யாராவது உண்டா என்று கேட்டால் நம்மூர் மாலுமிகள் இல்லை என்றுதான் சொல்வார்கள். அது பொய் இல்லை. அம்மை போட்டால் அதை நோய் என்று வாய்விட்டுச் சொல்வார்களா? இது புரியாமல் கப்பலில் ஏறி, ‘எனிபடி சிக்?’ என்று கேட்டுவிட்டு இறங்குகிறவர்களோடு எனக்குக் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். வீடு ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில். நியூ ஜெர்சி துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் குழுவில் எனக்கு நர்ஸ் வேலை. என் கிரீன் கார்டு அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குழு சரி என்றால்தான் யாரும் கரையில் கால் வைக்கலாம். சரி சொல்வது மேலதிகாரி, தலையாட்டுவது நான் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று வந்த சரக்குக் கப்பலில் பாதிப் பேர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கரையிலுள்ள ஷாப்பிங் மாலுக்குப் போகும் ஆசையில் சட்டை மாற்றி, சென்ட் அடித்து நின்றார்கள். ஆங்கிலக் கேள்விக்கு எல்லாத் தலைகளும் இல்லை என்று ஆடின. ஒரு ஆள் மட்டும் குறைந்தது. கேப்டன் சிரித்தார். அவனுக்கு வீட்டு நினைப்பு, அம்மா வந்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டு அறையிலேயே படுத்திருக்கிறான் என்றார். மேலதிகாரியும் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தார்.

முன்னால் நின்றவரிடம் தமிழில் கேட்டேன்.

“அண்ணே, அம்மா எப்ப வந்தா?”

“நாலஞ்சு நாள் இருக்கும்க்கா. முத்து உடம்பெல்லாம் போட்ருக்கு.”

“தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சா?”

“இன்னும் இல்லக்கா.”

தண்ணீர் ஊற்றவில்லை என்றால் கொப்புளம் இன்னும் காயவில்லை, தொற்றும். மேலதிகாரியிடம் சொன்னேன். வெறும் சின்னம்மை, குழந்தைகளுக்கு வருவது, இதற்குப் போய் ஒரு கப்பலை நிறுத்துவதா என்றார். வேலை நேரத்தில் ஆங்கிலம் மட்டும் பேசு என்றும் சொன்னார். மாலில் கர்ப்பிணிகளும் நடப்பார்கள், தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்கும் ஆபத்து என்று அவருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. எரிச்சலாக வந்தது. அவரைத் தாண்டிக்கொண்டு கப்பலின் கீழ்த்தளத்து அறைகளுக்கு இறங்கினேன்.

வேப்பிலைக்கு வழியில்லாமல் அறைக் கதவில் கறிவேப்பிலையைக் கட்டியிருந்தார்கள். உள்ளே முப்பது வயது மனிதர், முகமெல்லாம் கொப்புளம். பெரியவர்களுக்கு வந்தால் நுரையீரலைப் பிடிக்கும் என்பார்களே, பிடித்திருந்தது. மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது.

“மருந்து வேண்டாம்க்கா. அம்மா கோவிச்சுக்குவா.”

“கோவிச்சா எங்கிட்ட வரட்டும், நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க மூச்சு விடுங்க, அது போதும்.”

மேலே வந்து, ஆம்புலன்ஸ் வேண்டும், வேறு யாரும் இறங்கக் கூடாது என்றேன். சென்ட் அடித்து நின்றவர்கள் என்னை முறைத்தார்கள். முறைக்கட்டும். மேலதிகாரி என் அருகில் வந்து, நாளைக்கு உனக்கு வேலை இருக்காது என்றார். கிரீன் கார்டு நினைவுக்கு வந்தது. ஆனாலும், நாளைக்குத்தானே, இன்றைக்கு இருக்கிறதே என்றேன். நானே போன் செய்து ஆம்புலன்சை வரவழைத்தேன்.

நிமோனியா. இன்னும் ஒரு நாள் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று ஆஸ்பத்திரி டாக்டர் எங்கள் அலுவலகத்துக்கே போன் செய்து சொன்னார். அதற்குப் பிறகு என்னை நீக்க மேலதிகாரிக்கு வழியில்லை. கப்பலில் ஆங்கிலம் தவிர வேறு மொழி பேசக் கூடாது என்று மட்டும் உத்தரவு போட்டார்.

அடுத்து நம்மூர் ஆட்களோடு ஒரு கப்பல் வந்தபோது அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, அத்தனை பேருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

“அம்மா யாருக்காவது வந்திருக்காளா?”

என்ன கேட்டாய் என்று பல்லைக் கடித்தார் மேலதிகாரி.

நோயாளி யாராவது உண்டா என்று கேட்டேன் என்றேன்.