மாவுக்கட்டு அறையில் சில மணிக்கட்டுகள்

டொக், டொக். காய்ந்த மாவுக்கட்டை விரல் முட்டியால் தட்டினால் வரும் சத்தம் அது. ஈரம் மிச்சமிருந்தால் சத்தம் உள்ளேயே அமுங்கிவிடும். இத்தனை வருஷம் கழித்தும் மத்தியானத் தூக்கத்தில் யாரோ எங்கோ தட்டுகிறார்கள். எழுந்து பார்த்தால் வேப்பங்காய் கூரையில் விழுந்திருக்கிறது.

கல்லூரிப் படிப்பை முடித்து, நர்சிங்கும் படித்து, அறுபதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஓர் ஆஸ்பத்திரியின் மாவுக்கட்டு அறைக்கு வந்து சேர்ந்தேன். ஒடிந்ததைச் சேர்ப்பதில் பெரிய கஷ்டமில்லை. அது சேரும்வரை மனிதரைச் சும்மா இருக்க வைப்பதுதான் அந்தத் தொழிலில் கஷ்டம். பிறருக்கு நல்லது சொல்லி ஏச்சு வாங்கும் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாத்தியாரின் செங்கல்

வெறுங்கைச் சண்டையான குத்துவரிசையில் ஓர் அடி உண்டு. விரல்களைக் குவித்து, கையைக் கீழ்நோக்கி மடக்கி, புடைத்து நிற்கும் மணிக்கட்டின் முதுகால் அடிப்பது. பென்னாகரத்துப் பக்கம் குத்துவரிசை பழக்கும் வாத்தியார் ஒருவர் அதை இடது கையால் எனக்குச் செய்து காட்டினார். வலது கை என் மேஜைமேல் பூசணிப் பிஞ்சு மாதிரி வீங்கிக் கிடந்தது. கீழிருந்து வரும் அடி, வருவது கண்ணுக்குத் தெரியாது, விலாவிலோ கழுத்திலோ பட்டால் ஆள் உட்கார்ந்துவிடுவான் என்றார். எல்லாம் சரி. ஆனால் அந்த இடத்தில் தசை கிடையாது. சோழி மாதிரி எட்டுச் சின்ன எலும்புகள், மேலே தோல், அவ்வளவுதான்.

பழகுகிறவர்கள் ஆசைப்பட்டார்கள் என்று செங்கல்லை அடித்திருக்கிறார். மாவுத்துணியை நனைத்துக் கொடுக்கும் ரோசம்மா, அந்த அறையில் எனக்கிருந்த ஒரே துணை, "செங்கல்லு ஒடைஞ்சுதா?" என்று கேட்டாள். வாத்தியார் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அது ஈரச் செங்கல்லுங்க. காஞ்சதா இருந்தா ஒடைஞ்சிருக்கும்."

துடுப்பை விடாத கை

மாதப்பன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறவர். முப்பது வயதிருக்கும். அருவிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். எங்கள் சின்ன அறையில் அதை எங்கே வைப்பதென்று அவருக்கே தெரியாது. நடு ஆற்றில், குடித்திருந்த பயணி ஒருவர் எழுந்து ஆடத் தொடங்கியிருக்கிறார். பரிசலில் ஆறு பேர், ஒரு கைக்குழந்தை. ஆடுகிறவர் ஓரத்துக்குப் போனால் பரிசல் கவிழும். அவரைப் பிடிக்கத் துடுப்பை விட்டால் பரிசல் சுற்றிக்கொண்டு பாறைக்குப் போகும். அந்த ஆள் தள்ளாடித் தன் மேலே குனிந்த நேரம், விரல்கள் துடுப்பைப் பிடித்தது பிடித்தபடியே இருக்க, மாதப்பன் வலது மணிக்கட்டை மட்டும் மடக்கித் தாடைக்குக் கீழே ஒன்று வைத்தார். ஆள் உட்கார்ந்து தூங்கிப்போனார். எல்லோரும் கரை சேர்ந்தார்கள்.

எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒடிந்தால் முதல் படத்தில் தெரியாமலும் போகும் என்று டாக்டர் கட்டுப் போடச் சொன்னார். இரண்டு மாதம் தண்ணீர் படக்கூடாது. மாதப்பன் என்னைப் பார்த்தார். "ரெண்டு மாசம் போகலைன்னா தொறையில என் முறைய வேற ஆளு எடுத்துக்குவாங்க சிஸ்டர். அடி வாங்குன ஆளு நல்லாத்தான் இருக்காரு. கரையேறி எனக்கே மீன் வாங்கிக் குடுத்தாருங்க."

வாழை இலை

பன்னிரண்டாம் நாள் வந்து நின்றார். கட்டின்மேல் வாழை இலை சுற்றி நாரால் கட்டியிருந்தது. பிரித்தால் உள்ளே மாவு, கூழாக. "எலை சுத்தித்தான் துடுப்பு போட்டனுங்க. தண்ணி எப்படிப் போச்சுன்னே தெரியல" என்றார். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா கொழுக்கட்டை வெந்திருக்கும் தம்பி" என்றாள் ரோசம்மா. மூன்று பேரும் சிரித்தோம். இரண்டாவது படத்தில் ஒடிவு தெரிந்தது, மயிரிழை மாதிரி.

புதுக் கட்டுப் போட்டேன். வெள்ளைத் தூசி ஜன்னல் வெயிலில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. ஆற்றுக்கு மாசத்துக்கு ஒரு சத்தம் என்று அவர் சொன்னார். தை மாசத்தில் அது கிசுகிசுக்குமாம். காய்வதற்குப் பிடித்திருக்க வேண்டிய நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அந்தக் கையைப் பிடித்திருந்தேன். இனியாவது ஆற்றுப் பக்கம் போகாதீர்கள் என்றேன். "முறை போச்சுன்னா அப்புறம் எனக்கு ஆத்துல என்னங்க வேலை?" என்றார். அந்தக் கட்டும் கரைந்தது.

காற்றில் ஒரு துடுப்பு

மூன்றாவது கட்டு கரையவில்லை. அதற்குள் முறை போய்விட்டிருந்தது. தட்டிப் பார்த்தேன், டொக் என்றது, வெட்டி எடுத்தேன். கை வெளுத்து, மெலிந்து, வேறு யாருடையதோ போல இருந்தது. எலும்பு சேரவில்லை, இனி மணிக்கட்டு மடங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

மாதப்பன் எழுந்து நின்று காற்றில் துடுப்புப் போட்டுப் பார்த்தார். தோள் அசைந்தது, முழங்கை மடங்கியது, மணிக்கட்டு மட்டும் கட்டை மாதிரி நின்றது. "அன்னிக்கு நான் அடிக்காம இருந்திருக்கணுமா சிஸ்டர்?" என்று கேட்டார், அந்த அறைக்குச் சரியான குரலில், முதல் தடவையாக. ரோசம்மாதான் வாளித் தண்ணீரை ஊற்றியபடி சொன்னாள்: "அந்தக் கைப்புள்ள இந்நேரம் தவந்துக்கிட்டு இருக்கும். போ தம்பி."

நான் அந்த அறையில் இருந்தவரை அடித்த கைகள்தான் கட்டுக்கு வந்தன, அடி வாங்கிய தாடை ஒன்றுகூட வரவில்லை. மாதப்பன் அதன்பிறகு பரிசல் ஓட்டவில்லை, ஒகேனக்கல்லில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இடது கையால் மீன் வறுத்து விற்றார்.